லாத்தாவின் இரண்டு பாட்டில்கள்

நாற்பத்திரண்டு வயதுப் பெண். கழுத்தின் முன்பக்கம் ஒரு சிறு கட்டி. வலி இல்லை. எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்குகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

இதற்கு விடை தெரியாமல் எழுத உட்காரவில்லை. நான் அறுவை மருத்துவர். இந்த விடையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி வேறு. இதை என்னிடம் கேட்டவர் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக் கேட்டாரா, அல்லது தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கேட்டாரா?

அவர் பெயரை எழுத மாட்டேன். தெருவிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அக்கா என்பதற்கு நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்பார்கள். பால்காரருக்கும் லாத்தா, மீன்காரருக்கும் லாத்தா, மின்கட்டணம் எழுத வருபவருக்கும் லாத்தா. எனக்கும் அப்படித்தான். திருத்துறைப்பூண்டியில் அவர் வீட்டு மாடியில் ஒன்றரை வருடம் குடியிருந்தேன். கணவரும் மகனும் குவைத்தில். கீழே அவர் மட்டும். மேலே நானும் என் கைக்குழந்தையும். என் கணவருக்குத் திருச்சியில் வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொள்வார்.

அப்போது நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். பொது அறுவை முடித்தாயிற்று. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை படிக்க வேண்டும் என்பது ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள், ஒன்றைத் தொட வேண்டும். தவறாகத் தொட்டால் இருக்கிற மதிப்பெண்ணும் குறையும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முந்தைய தலைமுறைவரை எல்லோரும் நாற்று நட்டவர்கள். முதல் டாக்டர் நான். ஊரில் அம்மாவைப் பார்ப்பவர்கள் எல்லாம், "பாப்பா அடுத்து என்ன படிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மாவும் விடை தெரிந்தவர்போல, "பெரிய படிப்பு" என்று சொல்லிவைத்திருந்தார். அந்த வருடம் எழுதாவிட்டால் விடுப்பு முடிந்துவிடும். வேலையும் குழந்தையுமாக அப்புறம் எழுதப்போவதில்லை என்று எனக்கே தெரியும்.

பயிற்சிக் கேள்விகள் மூன்று தடித்த புத்தகங்களாக இருந்தன. எனக்கு முன் தேர்வெழுதிய ஒருவரிடமிருந்து வந்தவை. கைப்பேசியிலும் கேள்விகள் உண்டு. ஆனால் கைப்பேசியைக் கையில் எடுத்தால் குழந்தை அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வாள். ஆகவே பாலூட்டும்போது புத்தகத்தைத் தலையணைமேல் சாய்த்து வைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் லாத்தா படியேறி வந்தார். கை முழங்கை வரை மாவு.

"யாருகூட சண்டை?"

"சண்டை இல்ல லாத்தா. படிக்கிறேன்."

"படிக்கிறதுக்கு எதுக்கு இத்தனை 'இல்ல'? பீ, இல்ல இல்ல, சீ, ஐயோ இல்ல பீதான்னு கீழ வரைக்கும் கேக்குது. மாப்பிள்ளகூட போன்ல என்னவோ ஆகிப்போச்சுன்னு மாவோட ஓடியாந்தேன்."

விளக்கினேன். கேட்டுக்கொண்டே குழந்தையின் மூக்கில் ஒரு பொட்டு மாவு வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"நான் கேக்குறேன். நீ புள்ளையப் பாத்துக்கிட்டே சொல்லு."

பன்னிரண்டாவதில் உயிரியல் படித்தவர். ஆங்கிலத்தை மெதுவாக, எழுத்து விடாமல் படிப்பார். விடைகள் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கேள்வியைத் தொடங்கும் முன்பே வலது கட்டைவிரலை அந்த இடத்தில் அழுத்திவிடுவார். மருதாணி சிவந்த விரல். நான் சொல்லி முடிக்கும்வரை அசையாது. பிரசவ வார்டில்கூட அவ்வளவு கட்டுப்பாடு நான் பார்த்ததில்லை.

முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார்.

"மொதல்ல சொன்னதுதான் சொன்னது. அப்புறம் நீ அழுதாலும் மாத்த மாட்டேன்."

லாத்தாவை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். இது தேர்வுக்காக அவர் கண்டுபிடித்ததல்ல. அவர் வாழ்ந்ததே அப்படித்தான்.

அவர் கல்யாணமே அப்படி நடந்தது. நாகூரில் அவர்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று, அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் விருந்துக்குச் செய்த இனிப்பை, வட்டலாப்பத்தை, ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய உம்மா உள்ளே வந்து, "என்ன, புடிச்சிருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"வாய் நிறைய வட்டலாப்பம். தொறந்தா மாட்டிக்குவேன். ம்முன்னேன். உம்மா போயி சரின்னு சொல்லிட்டாங்க."

"அப்புறமா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே லாத்தா?"

"எப்புடி? ம்முன்னு சொன்னது நான்தானே. வட்டலாப்பமா சொல்லுச்சு?"

கணவரைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லி நான் கேட்டதில்லை. வட்டலாப்பம் மட்டும் அதற்குப் பிறகு செய்வதில்லை.

வீட்டுக் குளியலறைக்கும் ஒரு கதை உண்டு. அதன் கதவு வீட்டுக்குள் திறக்காது. கொல்லைப் பக்கம், வாய்க்காலைப் பார்த்துத் திறக்கும். குளிக்க வேண்டுமென்றால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஐப்பசி மழையில் லாத்தா குடை பிடித்துக்கொண்டு குளிக்கப் போவதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். வீடு கட்டும்போது கொத்தனார் வந்து, கதவு எந்தப் பக்கம் என்று கேட்டபோது லாத்தா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாராம். கையில் இருந்த கத்தியாலேயே ஒரு பக்கத்தைக் காட்டியிருக்கிறார். காக்காயை விரட்டினாரா, கதவைக் காட்டினாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. கொத்தனார் மறுநாள் வந்து, "லாத்தா, இன்னும் பூசல, மாத்திடலாமா?" என்று கெஞ்சியிருக்கிறார். கை காட்டியாச்சு, கட்டு என்றாராம்.

இந்தச் சட்டம் ஊருக்கும் சேர்த்துத்தான். மீன்காரர் தன் வண்டியை நிறுத்தியதும் லாத்தா வாசலில் நின்று கேட்பார்: "எப்பப் புடிச்சது?"

"நேத்து... இல்ல லாத்தா, விடியக்காலம். விடியக்காலம் வலையில வந்தது."

"மொதல்ல நேத்துன்னே."

"வாய் தவறிடுச்சு லாத்தா."

"வாய் தவறலப்பா. அதுக்குத்தான் உண்மை தெரியும். போயிட்டு நாளைக்கு வா."

சில வாரங்களில் மீன்காரர் பேசுவதையே விட்டுவிட்டார். லாத்தா வீட்டு வாசலில் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறந்து காட்டுவார். லாத்தா முகர்ந்து பார்த்து எடுத்துக்கொள்வார். அவருடைய சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அந்தத் தெருவில் மீன்காரர் ஒருவர்தான்.

நான் நேர் எதிர். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தை ஊற்றும் முன் மூன்று முறை அளவு பார்ப்பேன். ஊற்றிய பிறகு பாட்டிலைப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் இது நல்ல குணம். தையல் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவள் பாதி வழியில் திரும்பிப் போய்க் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். இருமுறை அதனால் நல்லதும் நடந்திருக்கிறது. தேர்வில் மட்டும் இந்தக் குணம் ஆளைத் தின்றுவிடும். சரியான விடையைச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டவன் இவ்வளவு சுலபமாகவா கேட்டிருப்பான் என்று யோசித்து மாற்றிவிடுவேன்.

இதற்காக லாத்தா இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். ஒன்று ஊறுகாய் பாட்டில். மற்றது தேன் பாட்டில். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை. முதலில் சரியாகச் சொல்லி நான் தப்பாக மாற்றினால் ஊறுகாய் பாட்டிலில் ஒரு கொட்டை. முதலில் தப்பாகச் சொல்லிச் சரியாக மாற்றினால் தேன் பாட்டிலில் ஒன்று.

"ரெண்டையும் நீயே பாரு. நான் ஒன்னும் சொல்லல."

ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஊறுகாய் பாட்டில் வாரத்துக்கு வாரம் ஏறியது. தேன் பாட்டிலின் அடி மட்டும் மூடியிருந்தது. குழந்தை அழுதால் ஊறுகாய் பாட்டிலைத்தான் எடுத்து ஆட்டிக் காட்டுவோம். அதில்தான் சத்தம் நன்றாக வரும்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மேலே வருவார். பள்ளிவாசலில் சாயங்கால அஸர் பாங்கு கேட்டதும் புத்தகத்தை மூடிவிடுவார். கேள்வியின் நடுவில் இருந்தாலும் சரி, மூடிவிடுவார். விடையைக் காட்டிவிட்டுப் போங்கள் லாத்தா என்றால், "நாளைக்கு வரைக்கும் வச்சிரு, கெட்டுப்போவாது" என்பார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கேள்விகளில் வரும் நோயாளிகளை எல்லாம் அவர் நிஜ மனிதர்களாகவே எடுத்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது, புகைப்பழக்கம் உண்டு, இரத்த வாந்தியுடன் தனியாக வந்திருக்கிறார் என்று ஒரு கேள்வி.

"தனியாவா? பொண்டாட்டி எங்க போனா?"

"தெரியல லாத்தா. விடைய கேளுங்க."

"கேக்குறேன். இப்புடி ரத்தமா எடுக்குற ஆள பஸ்ல ஏத்தி விட்டிருக்காளே."

நான் விடையைச் சொன்னேன். சரி. கட்டைவிரலை எடுத்தார். ஆனால் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

"அப்புறம் இந்த ஆளுக்கு என்னாச்சு?"

"அது கேள்வியில இல்ல லாத்தா."

"விடையில?"

"அதுலயும் இல்ல."

"என்ன புத்தகம் இது. பாதியில விட்டுட்டுப் போறான்" என்று அந்த ஆளுக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பினார்.

நாள் போகப்போக அவரே கேள்வி போட ஆரம்பித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்பார். "ஏழு மாசக் குழந்தை. பெண். பத்து நிமிஷமா அழுவுது. காய்ச்சல் இல்ல. ஏ, பசி. பீ, வயித்து வலி. சீ, எறும்பு. டீ, அம்மா புத்தகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா."

நான் பி என்று சொல்லி, இல்லை ஏ என்று மாற்றுவதற்குள் அவர் எழுந்து போய்த் தூளித் துணியை உதறினார். எறும்பு. இரண்டு விடையும் தவறாக இருந்தால் எந்தப் பாட்டில் என்று கேட்டேன். "அதுக்குப் பாட்டில் இல்ல. அதுக்கு உன் தலையிலதான் கொட்டணும்" என்றார்.

இன்னொரு நாள் வாசலில் மதில் சுவரில் உட்கார்ந்த காக்காயைப் பார்த்து என் மகள் முதல்முதலாக வாய் திறந்து, "ப்பா" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் அப்பாவைத்தான் கூப்பிடுகிறாள் என்றேன். லாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. "அது காக்காவப் பாத்துச் சொல்லுச்சு. மொதல்ல சொன்னதுதான் சொன்னது." சனிக்கிழமை பையோடு படியேறி வந்த என் கணவர் ஆசையாக, "சொல்லு, ப்பா சொல்லு" என்றார். குழந்தை அவரைத் தாண்டி ஜன்னலில் காக்காயைத் தேடியது. லாத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

முந்தானையைப் பற்றி எழுதாமல் முடியாது. தலையைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, தோளில் செருகிய முந்தானை. வெயிலிலும் அப்படித்தான், அடுப்படியிலும் அப்படித்தான், எனக்குக் கேள்வி கேட்கும்போதும் அப்படித்தான். ஒன்றரை வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அவர் கழுத்தை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்குவார் என்று ஒரு ஞாபகம். அது உண்மையான ஞாபகமா, இப்போது நானாகச் சேர்த்துக்கொள்வதா என்றும் தெரியவில்லை.

அந்தக் கேள்வி தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வந்தது. அறுவடைக் காலம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நெல் அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை தோளில் தூங்கத் தொடங்கியிருந்தாள். நான் அவளை முதுகில் தட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தேன்.

"ஒரு பொண்ணு. நாப்பத்திரண்டு வயசு. கழுத்துல முன்னாடி ஒரு சின்னக் கட்டி. வலியில்ல. எச்சி முழுங்குனா கூடவே ஏறி எறங்குது. ஏ, ஒன்னும் பண்ண வேணாம். பீ, மாத்திரை. சீ, ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாம். டீ, ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்."

"சீ" என்றேன். தோளில் இருந்த தலை சரிந்தது. பிடித்துக்கொண்டேன். நான்கு தட்டு தட்டியிருப்பேன். "இல்ல லாத்தா, டீ. ஊசி போட்டுப் பாத்துடணும்."

"மொதல்ல சீன்ன."

"இல்ல, டீதான். நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

"எப்பவும் யோசிச்சுத்தான் சொல்ற" என்றார்.

அஸர் பாங்கு கேட்டது. புத்தகத்தை மூடினார். ஜன்னலருகே போய் ஒரு புளியங்கொட்டையைப் போட்டார். அந்த 'டிங்' என்ற ஒலி எனக்குக் கேட்டது. எந்தப் பாட்டில் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூளியில் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் குழந்தைக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். இரண்டு நாள் படிப்பே இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

தேர்வு தஞ்சாவூரில் நடந்தது. லாத்தாவும் வந்தார். நான் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் எதிரே ஒரு மரத்தடியில் நாங்கள் வந்த வாடகைக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குழந்தையை வைத்திருந்தார். வாசலில் என் கையில் ஒரு புளியங்கொட்டையைத் திணித்து, "மாத்தணும்னு தோணுறப்ப இத அமுக்கு" என்றார். சோதனை செய்த காவலர் உள்ளங்கையைத் திறக்கச் சொன்னார்.

"என்ன மேடம் இது?"

"புளியங்கொட்டை."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிக்கூடப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையுடன் குப்பைத்தொட்டியில் போட்டார்.

கொட்டை இல்லாமலேயே கையை மூடி வைத்துக்கொண்டு எழுதினேன். மூன்று இடத்தில் மட்டும் விடையை மாற்றினேன். வெளியே வந்ததும் லாத்தா, "மாத்துனியா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். அது நான் முதலில் சொன்னது, ஆகவே அவர் கணக்கில் அதுதான் உண்மை.

இடம் கிடைத்தது. நான் கேட்ட பிரிவே கிடைத்தது. அம்மா ஊரெல்லாம் சொன்னார். நாங்கள் சென்னைக்குக் கிளம்பும் முன்பே லாத்தா குவைத்துக்குக் கிளம்பினார். கணவர் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். போகும்போது இரண்டு பாட்டில்களையும் மூடி இறுக்கி என்னிடம் கொடுத்தார். "பெரிய டாக்டர் ஆனாலும் இத எதிருல வச்சுக்க."

மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் தேர்வெழுதப் போகிறேன் என்றாள். அவளுக்குக் கொடுப்பதற்காக அந்தப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். லாத்தா கேட்ட ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தார். புரட்டிக்கொண்டே வந்தபோது கழுத்துக் கட்டிகள் பற்றிய பகுதியில் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. தேடினேன். இல்லை. அடுத்த புத்தகத்தில் தேடினேன். மூன்றிலும் தேடினேன். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தேடினேன்.

எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அப்போதுதான் புரிந்தது, அது புத்தகக் கேள்வியாக இருக்கவே முடியாது என்று. புத்தகக் கேள்விகளில் இரத்தப் பரிசோதனை இருக்கும், ஸ்கேன் அளவு இருக்கும். இதில் எதுவும் இல்லை. கண்ணாடி முன் நிற்கும் ஒரு பெண் தன் விரலால் கண்டுபிடிக்கக் கூடியது மட்டும்தான் இருந்தது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்று அவர் கட்டைவிரல் பக்கத்தின்மேல் இருந்ததாக என் நினைவில் இல்லை. பழைய வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். வீட்டு உரிமையாளராக லாத்தாவின் பெயர், கணவர் பெயர், லாத்தாவின் வயது நாற்பத்தொன்று. அந்தக் கேள்வி வந்தபோது ஒப்பந்தம் எழுதி ஒரு வருடம் ஆகியிருந்தது.

இப்படித் தைராய்டில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. மீதியும் அநேகமாக மெதுவாக வளர்பவை. சிகிச்சை உண்டு. பொது அறுவையில் இருந்தபோது இதை நோயாளிகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் முதல் விடை தவறு, மாற்றிய விடைதான் சரி. மாதக்கணக்கில் என் மாற்றிய விடைகளை நம்பாதே என்று ஊறுகாய் பாட்டிலை நிரப்பிக் காட்டியவர் அவர். அன்று அவர் என் சீயையா, டீயையா, எதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்?

கேட்டுவிட வேண்டியதுதானே என்று என் கணவர் சொல்கிறார். லாத்தாவோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குரல் செய்தி அனுப்புவார். "காக்காவுக்கு இன்னும் ப்பாதானே பேரு? மாத்திப்புடலையே?" என்று கேட்பார். அந்தச் செய்திகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்கிறேன். கழுத்தில் அறுவை நடந்திருந்தால் சிலருக்குக் குரல் கொஞ்சம் கரகரக்கும். சில நாள் கரகரப்பதுபோல் இருக்கிறது. சில நாள் இல்லை. அங்கே வருடம் முழுக்க ஏ.சி. ஓடும், அதனாலும் இருக்கலாம். குரல் கரகரக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதைக் கேட்டால் யாரும் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

ஒருமுறை மட்டும் சுற்றி வளைத்து, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு லாத்தா?" என்று கேட்டேன்.

"டாக்டரு நீதான் சொல்லணும்" என்று பதில் வந்தது. பின்னால் சிரிப்பு.

நேராகக் கேட்க எனக்குத் தயக்கம் வெட்கத்தால் மட்டுமல்ல, வெட்கமும் உண்டு. மாடியில் ஒரு அறுவை மருத்துவரை வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் கழுத்தைக் காட்டாமல் கேள்வியாகக் கேட்க வேண்டியிருந்ததே என்ற வெட்கம். ஆனால் உண்மையான பயம் வேறு. கேட்டதும் அவர் எல்லோரையும்போல, யோசிக்காமல், "எனக்கு ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டால்? அது அவருடைய முதல் சொல் ஆகிவிடும். அதற்குப் பிறகு அவர் கழுத்தில் என்ன இருந்தாலும் அந்தச் சொல்லை மாற்ற மாட்டார். மழையில் குடை பிடித்துக் குளிக்கப் போனவர். வட்டலாப்பத்துக்காகக் கல்யாணம் செய்துகொண்டவர். எனக்கு இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அவர் வாயிலிருந்து முதலில் வருவதே உண்மையாக இருக்கும்படி நான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று நானும் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். கட்டி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டால் எதற்கு என்று என்னையே கேட்பார். கணவரிடம் கேட்கலாமென்றால், அவருக்கே தெரியாமல் இருந்தால் நான் போய்ச் சொன்னதாகிவிடும். நான்கு விடை கொடுத்துக் கேட்கலாமா என்றும் யோசித்தேன். ஏ, ஊசி போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. பி, அறுவை முடிந்தது. சி, அப்படியே இருக்கிறது. நான்காவதாக என்ன போடுவதென்று தெரியாமல் அதையும் அழித்துவிட்டேன். அந்த ஐம்பத்தைந்து வயது ஆளுக்காக அன்று அவர் கேட்டதைப்போல, இப்போது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பிடிவாதக்காரர் வீட்டில் இருப்பார். அவரிடம் உண்மையை முதல் வார்த்தையிலேயே வரவழைக்கத் தெரிந்திருக்கும். நான் லாத்தாவிடம் எந்தக் கேள்வியை, எந்த வார்த்தைகளில் கேட்க வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள். முதலில் தோன்றுவதை எழுதி அனுப்புங்கள். பிறகு மனம் மாறினால் அதையும் அனுப்புங்கள். பாட்டில்கள் இரண்டும் என் ஜன்னலில்தான் இருக்கின்றன. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் நல்லது.